பாட்டியின் முட்டை ஏன் வேகவில்லை?

வெந்நீரூற்றிலிருந்து ஓவன் வரை: ஒரு காலைப் பலகாரத்தில் ஒளிந்திருக்கும் வெப்ப அறிவியல்

ஈசூன் வட்டாரத்தில் வசிப்பவர்கள் கம்பாஸ் அவென்யூவில் உள்ள செம்பவாங் வெந்நீரூற்றுப் பூங்காவுக்கு ஒருமுறையாவது போயிருப்பார்கள். நிலத்துக்கடியிலிருந்து ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் வரும் நீரைப் பாத்திரத்தில் பிடித்து, அதில் முட்டைகளை வேகவைப்பது அங்கு பலருக்கும் விருப்பமான பொழுதுபோக்கு. 2020ஆம் ஆண்டு ஜனவரியில் பூங்கா புதுப்பொலிவுடன் திறக்கப்பட்ட பிறகு, வார இறுதிகளில் முட்டைப் பெட்டியோடு வரும் குடும்பங்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

சென்ற பள்ளி விடுமுறையில் என் உயர்நிலை இரண்டு மாணவி ஒருவரும் பாட்டியோடு அங்கே போயிருக்கிறார். விடுமுறை முடிந்து வந்த முதல் நாளே என்னிடம் முறையிட்டார்.

“டீச்சர், தண்ணி 70 டிகிரி. முட்டை வெள்ளைக்கரு 62லயே கெட்டியாக ஆரம்பிக்கும்னு நீங்கதான் சொன்னீங்க. நாங்க முக்கால் மணி நேரம் வச்சிருந்தோம். உடைச்சுப் பார்த்தா கஞ்சி மாதிரி ஊத்துது!”

“அப்புறம் என்ன செஞ்சீங்க?”

“நான் சாப்பிடல. பாட்டிதான் வீணாக்கக் கூடாதுன்னு மிளகுத்தூள் போட்டுக் குடிச்சிட்டாங்க.”

நல்லவேளையாகப் பாட்டிக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் இந்தச் சிறு சம்பவத்தில் இரண்டு நல்ல கேள்விகள் இருக்கின்றன. 70 டிகிரி நீரில் முட்டை ஏன் வேகவில்லை? வேகாத முட்டையைப் பாட்டி சாப்பிட்டது சரியா? இரண்டுக்கும் விடை கண்டுவிட்டு, பாட்டியும் பேத்தியும் கவலையில்லாமல் சாப்பிடக்கூடிய ஒரு முட்டைப் பலகாரத்தையும் இந்த வாரம் செய்து பார்ப்போம்.

நீரின் சூடு எங்கே போனது?

மாணவியிடம் விவரம் கேட்டேன். பாத்திரத்தில் பிடித்த நீர் ஏறத்தாழ ஒரு லிட்டர். போட்டவை நான்கு முட்டைகள். அவை நேராகக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தவை. இந்த மூன்று விவரங்கள் போதும், கணக்குப் போட்டுவிடலாம்.

சூடான பொருளும் குளிர்ந்த பொருளும் சேர்ந்தால் சூடானது வெப்பத்தை இழக்கும், குளிர்ந்தது அதைப் பெற்றுக்கொள்ளும். இரண்டும் ஒரே வெப்பநிலையை அடைந்ததும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். ஒரு கிராம் நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி மாற 4.2 ஜூல் ஆற்றல் வேண்டும். முட்டைக்கு ஏறத்தாழ 3.2 ஜூல். நான்கு முட்டைகளின் எடை 240 கிராம், அவற்றின் தொடக்க வெப்பநிலை 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இறுதி வெப்பநிலையை ‘வெ’ என்று குறிப்போம்.

நீர் இழந்த வெப்பம் = முட்டைகள் பெற்ற வெப்பம்

1000 × 4.2 × (70 − வெ) = 240 × 3.2 × (வெ − 5)

இதைச் சுருக்கினால் வெ = 60 என்று வரும்.

அதாவது, காற்றுக்கும் பாத்திரத்துக்கும் ஒரு துளி வெப்பம்கூடப் போகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், அந்த முட்டைகள் 60 டிகிரியைத் தாண்டியிருக்க முடியாது. உண்மையில் திறந்த பாத்திரம் ஒவ்வொரு நிமிடமும் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். முக்கால் மணி நேரமல்ல, மூன்று மணி நேரம் காத்திருந்தாலும் பயனில்லை. பாத்திரம் ஆறத்தான் செய்யும்.

அதே நான்கு முட்டைகளை மூன்று லிட்டர் நீரில் போட்டிருந்தால் இறுதி வெப்பநிலை 66 டிகிரி வரை போயிருக்கும். முட்டைகளை முதலில் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்திருந்தாலும், ஆறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது வெந்நீர் பிடித்திருந்தாலும் நிலைமை மேம்பட்டிருக்கும். ஊற்று நீரின் வெப்பநிலை வேறு, முட்டையின் வெப்பநிலை வேறு. சமையலில் கணக்கில் சேர்வது இரண்டாவதுதான்.

முட்டைக்குள் என்ன நடக்கிறது?

வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு நீர். மீதியில் பெரும்பகுதி புரதம். ஒவ்வொரு புரத மூலக்கூறும் நூல் பந்துபோலச் சுருண்டு, நீரில் மிதந்துகொண்டிருக்கும். வெப்பம் ஏறும்போது மூலக்கூறுகள் வேகமாக அதிர்ந்து, நூல் பந்துகள் அவிழத் தொடங்கும். இதை இயல்பிழத்தல் என்கிறோம். அவிழ்ந்த நூல்கள் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல ஆகும். அந்த வலைக்குள் நீர் சிக்கிக்கொள்ளும்போது நீர்மமாக இருந்த முட்டை கெட்டியாகிறது. ஆறவைத்தாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது. ஐஸ் கட்டி உருகி மீண்டும் உறைவதைப் போன்ற மாற்றம் அல்ல இது.

முட்டையில் பல வகைப் புரதங்கள் உள்ளன. எல்லாம் ஒரே வெப்பநிலையில் அவிழ்வதில்லை என்பதுதான் இதில் சுவையான செய்தி.

● ஏறத்தாழ 62 டிகிரியில் ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அவிழும். வெள்ளைக்கரு கலங்கிக் கூழாகத் தொடங்கும்.
● 65 டிகிரியில் மஞ்சள்கரு தடிக்கத் தொடங்கும். 70 டிகிரியை நெருங்கும்போது அது கெட்டியாகும்.
● ஏறத்தாழ 80 டிகிரியில் ஓவல்புமின் அவிழும். வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கும் மேல் இதுதான். அதன் பிறகே வெள்ளைக்கரு உறுதியாகிறது.

அதற்கு மேலும் சூடாக்கிக்கொண்டே போனால் வலை இறுகி, பிடித்துவைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியேற்றும். ரப்பர் போன்ற முட்டை அப்படித்தான் உருவாகிறது.

இப்போது காப்பிக் கடையில் காயா ரொட்டியோடு வரும் அரைவேக்காட்டு முட்டையை நினைத்துப் பாருங்கள். அதில் ஓட்டை ஒட்டிய வெள்ளைக்கரு ஓரளவு வெந்திருக்கும், மஞ்சள்கரு நீர்மமாக இருக்கும். கொதிநீரில் சில நிமிடங்களே இருந்ததால் வெப்பம் நடுப்பகுதிவரை போய்ச் சேர நேரமில்லை. ஆனால் 67 டிகிரி வெந்நீரில் நீண்ட நேரம் வைத்த முட்டையில் நிலைமை தலைகீழ். மஞ்சள்கரு தடித்திருக்கும், வெள்ளைக்கரு இளகலாக இருக்கும். முட்டை முழுவதும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட்டது, ஆனால் அது ஓவல்புமினுக்குப் போதவில்லை. ஜப்பானில் வெந்நீரூற்று முட்டை என்று விரும்பி உண்பது இதைத்தான். முதல் முட்டையில் நேரம் போதவில்லை, இரண்டாவதில் வெப்பநிலை போதவில்லை.

பாட்டி குடித்தது சரியா?

2021ஆம் ஆண்டு மார்ச் மாதம், மலேசியப் பண்ணை ஒன்றிலிருந்து வந்த முட்டைகளில் சால்மோனெல்லா எண்டெரிட்டிடிஸ் என்ற பாக்டீரியா இருப்பது தெரியவந்ததால், அவற்றைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளும்படி சிங்கப்பூர் உணவு அமைப்பு உத்தரவிட்டது. அதே ஆண்டில் உள்ளூர்ப் பண்ணை முட்டைகளிலும் அது கண்டறியப்பட்டது. இந்த பாக்டீரியா ஓட்டின் மேல் மட்டுமல்ல, முட்டையின் உள்ளேயும் இருக்கலாம். அதனால் ஓட்டைக் கழுவினால் போதும் என்று நினைப்பது தவறு. பார்வையாலோ வாடையாலோ அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, காய்ச்சல், வாந்தி ஆகியவை இதன் அறிகுறிகள். உடல்நலமுள்ள இளையர்கள் பெரும்பாலும் சில நாள்களில் தேறிவிடுவார்கள். முதியோர், சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இது ஆபத்தாக முடியலாம்.

நல்ல செய்தி, நன்கு சமைத்தால் இந்த பாக்டீரியா அழிந்துவிடும். வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும் கெட்டியாகும்வரை சமைக்க வேண்டும் என்பதே அறிவுரை. காரணம் உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். வெளியிலிருந்து விரைவாகச் சூடேற்றும்போது மஞ்சள்கருவின் நடுப்பகுதிதான் கடைசியாகச் சூடாகும். அது கெட்டியாகிவிட்டது என்றால், முட்டையின் மிகக் குளிர்ந்த இடமும் 70 டிகிரியை நெருங்கிவிட்டது என்று பொருள். வெப்பமானி இல்லாத சமையலறையில் மஞ்சள்கருவே நமக்கு வெப்பமானி.

60 டிகிரிக்கும் கீழே ஆறிக்கொண்டிருந்த பாத்திரத்து முட்டை, எழுபது வயதுப் பாட்டிக்கு ஏற்றதல்ல. வீணாக்கக் கூடாது என்ற அவருடைய எண்ணம் நல்லதுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து உடனே கொதிநீரில் மறுபடி வேகவைத்திருந்தால் முட்டையும் வீணாகியிருக்காது.

உருளைக்கிழங்கு வேறு கட்சி

இனி பலகாரத்துக்கு வருவோம். பொடியாக நறுக்கிய உருளைக்கிழங்கை மொறுமொறுப்பாக வறுத்துச் செய்வதை மேற்கு நாடுகளில் ஹேஷ் என்பார்கள். நறுக்குவது என்ற பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. கடுகும் கறிவேப்பிலையும் சேர்த்துவிட்டால் நம் வீட்டு உருளைக்கிழங்குப் பொரியல்தான். அதில் குழிகள் செய்து, முட்டைகளை உடைத்து ஊற்றி ஓவனில் சுட்டால் ஒரே தட்டில் காலை உணவு தயார்.

இதை நான் முதன்முதலில் செய்தபோது, நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து, பச்சை உருளைக்கிழங்குத் துண்டுகளையும் முட்டைகளையும் ஒன்றாகவே ஓவனில் வைத்துவிட்டேன். இருபது நிமிடம் கழித்து எடுத்தால் முட்டை ரப்பர், உருளைக்கிழங்கு நறுக் நறுக். வெப்பத்தைப் பற்றி வகுப்பெடுக்கும் டீச்சர் வீட்டிலேயே இந்தக் கதி.

பிழை எங்கே? உருளைக்கிழங்கில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. 60 டிகிரியைத் தாண்டியதும் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். ஆனால் அது மட்டும் போதாது. செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை தளர்ந்தால்தான் கிழங்கு மென்மையாகும். அதற்கு 85 டிகிரிக்கு மேல் வேண்டும், நேரமும் வேண்டும். மேற்பரப்பு பொன்னிறமாவதற்கு அதைவிடவும் அதிக வெப்பம் தேவை. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் தரும் மாற்றம் 140 டிகிரியைத் தாண்டினால்தான் விறுவிறுப்பாக நடக்கும். 1912ஆம் ஆண்டில் இதை விவரித்த பிரெஞ்சு அறிவியலாளரின் பெயரால் இதற்கு மெய்லார்டு வினை என்று பெயர்.

இங்கே நீர் ஒரு தடையாக நிற்கிறது. ஓவன் 200 டிகிரியில் இருந்தாலும், துண்டின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அதன் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. வரும் ஆற்றல் முழுவதும் நீரை ஆவியாக்கவே செலவாகும். ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் வேண்டும். அதே ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்கத் தேவையான 420 ஜூலைப்போல் அது ஐந்து மடங்குக்கும் மேல். ஆகவே மொறுமொறுப்பு வேண்டுமானால் முதலில் ஈரத்தைப் போக்க வேண்டும்.

முட்டைக்கு 80 டிகிரி போதும். உருளைக்கிழங்கின் மேற்பரப்புக்கு 140 வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் சமைக்க ஒரே வழி, ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் வைப்பது.

செய்முறை (நால்வருக்கு)

தேவையானவை: உருளைக்கிழங்கு 500 கிராம், பெரிய வெங்காயம் 1, பச்சைமிளகாய் 2, முட்டை 4, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, கடுகு அரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு, மிளகுத்தூள்.

1. உருளைக்கிழங்கைத் தோல் சீவி, ஒரு சென்டிமீட்டர் அளவுத் துண்டுகளாக நறுக்கி உடனே தண்ணீரில் போடுங்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் படாததால் கறுக்காது. மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மாவும் கழுவப்பட்டுவிடும்.

2. கொதிக்கும் உப்புநீரில் ஐந்து நிமிடம் வேகவிட்டு வடிகட்டுங்கள். சுத்தமான துணியில் பரப்பி நன்றாக உலரவிடுங்கள். இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம்.

3. ஓவனை 200 டிகிரிக்குச் சூடாக்குங்கள். கடுகு, கறிவேப்பிலையைத் தாளித்து, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து உருளைக்கிழங்கோடு கலந்து, ஓவன் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் ஒன்றின் நீராவியில் மற்றது வெந்து குழைந்துவிடும்.

4. பதினைந்து நிமிடம் கழித்து, நறுக்கிய வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் சேர்த்துக் கிளறுங்கள். மேலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பொன்னிறமாகும். கருகவிட வேண்டாம்.

5. ஓவனை 180 டிகிரிக்குக் குறையுங்கள். கரண்டியின் பின்புறத்தால் நான்கு குழிகள் செய்து, குழிக்கு ஒரு முட்டை வீதம் உடைத்து ஊற்றுங்கள். முட்டையை முதலில் ஒரு கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டு ஊற்றினால், ஓட்டுத் துண்டு விழுந்தாலும் எடுத்துவிடலாம்.

6. 12 முதல் 15 நிமிடம் சுடுங்கள். கரண்டியால் மஞ்சள்கருவை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். குலுங்காமல் கெட்டியாக இருந்தால் எடுத்துவிடலாம். மிளகுத்தூள் தூவிப் பரிமாறுங்கள்.

ஓவன் இல்லாத வீட்டில், மூடிபோட்ட வாணலியிலும் செய்யலாம். உருளைக்கிழங்கை மூடாமல் வறுத்துவிட்டு, முட்டையை ஊற்றிய பிறகு தீயைக் குறைத்து மூடுங்கள். மூடிக்குள் தங்கும் நீராவி முட்டையின் மேற்பகுதியை வேகவைக்கும்.

வகுப்பில் படித்த மூன்று வகை வெப்பப் பரவலும் இந்த ஓவன் தட்டில் இருக்கின்றன. சூடான தட்டிலிருந்தும் கிழங்கிலிருந்தும் முட்டையின் அடிப்பகுதிக்கு வருவது வெப்பக்கடத்தல். ஓவனுக்குள் சுழலும் சூடான காற்று கொண்டுவருவது வெப்பச்சலனம். தகிக்கும் மேல் கம்பியிலிருந்து நேராக வருவது வெப்பக் கதிர்வீச்சு.

கத்தி, கொதிநீர், ஓவன் மூன்றும் இருப்பதால் பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். கையுறை இல்லாமல் தட்டைத் தொட வேண்டாம். பச்சை முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நீங்களே ஆராயுங்கள்

நான்கு சிறு கப்கேக் அச்சுகளில் லேசாக எண்ணெய் தடவி, ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றுங்கள். 180 டிகிரி ஓவனில் ஒரே நேரத்தில் வையுங்கள். 6, 9, 12, 15 நிமிடங்களில் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும் எப்படி இருக்கின்றன என்று அட்டவணையில் குறியுங்கள். சமையல் வெப்பமானி இருந்தால் நடுப்பகுதியின் வெப்பநிலையையும் எழுதுங்கள். முட்டைகளின் அளவும் தொடக்க வெப்பநிலையும் ஒன்றாக இருக்கவேண்டும். மாறுவது நேரம் மட்டுமே. கெட்டியாகாத முட்டைகளைச் சாப்பிடாமல், மறுபடி ஓவனில் வைத்து முழுவதும் வேகவைத்துவிடுங்கள்.

என் மாணவி இதைத் தம் வீட்டில் செய்து பார்த்தார். அவர் எழுதிவந்த அட்டவணையின் கடைசி வரிசையில், 15 நிமிடத்துக்கு நேராக, ‘பாட்டிக்கு’ என்று எழுதியிருந்தார். அறிக்கையில் அப்படி எழுதக்கூடாதுதான். ஆனால் நான் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள்

1. வெந்நீரூற்றிலிருந்து பிடித்த ஒரு லிட்டர் 70 டிகிரி நீரில், குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரே ஒரு முட்டையைப் போட்டால் இறுதி வெப்பநிலை என்னவாகும்? மேலே உள்ள கணக்கைப் பயன்படுத்துங்கள்.

2. மேற்சொன்ன சோதனையில் ஒவ்வொரு முறையும் ஓவன் கதவைத் திறக்கிறோம். இது முடிவுகளை எப்படிப் பாதிக்கும்? அதைத் தவிர்க்கச் சோதனையை எப்படி மாற்றி அமைப்பீர்கள்?

3. அதிக நேரம் அவித்த முட்டையில் மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரியும். வெள்ளைக்கருவில் கந்தகமும் மஞ்சள்கருவில் இரும்பும் உள்ளன. இந்தக் குறிப்பைக் கொண்டு காரணத்தை ஊகிக்க முடியுமா?

(முதல் கேள்விக்கு விடை: ஏறத்தாழ 67 டிகிரி. மற்ற இரண்டையும் வகுப்பில் விவாதியுங்கள்.)